மடக்குப் பொம்மை

இருளம்மாளின் இடது தோளில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளி போகவில்லை.

சனிக்கிழமை வேலை விட்டு வந்து கொல்லைக் கல்லின் மேல் குத்தவைத்திருந்தாள். தாய் சண்முகத்தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். விஸ்வநத்தத்தை ஒட்டிய பட்டாசுக் கம்பெனியில், வெள்ளிப் பொடி என்கிற அலுமினியப் பொடி சலிக்கிற கொட்டகையில் மகளுக்கு வேலை. பதினேழு வயசு. காலையில் கறுப்பாகப் போகிறவள் பொழுது சாயத் திரும்பும்போது மயிர், இமை, பல்லிடுக்கு என்று உடம்பெல்லாம் ஒரே சாம்பல் வெள்ளியாக மின்னிக்கொண்டு வருவாள். தெருநாய்கள்கூட இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டுத்தான் அடையாளம் கண்டு அடங்கும். மூன்று குடம் தண்ணீரும் ஒரு பிடி சீயக்காயும் செலவானால் உள்ளேயிருந்து மகள் வெளியே வந்துவிடுவாள். அன்றைக்குத் தோளில் மட்டும் வரவில்லை. சண்முகத்தாய் தேங்காய் நாரால் தேய்த்தாள். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். சுற்றிலும் தோல் சிவந்து கன்றிப்போனது. அந்த இடம் மட்டும் தண்ணென்று வழவழப்பாக இருந்தது. நகம் பட்டபோது காலித் தகர டப்பாவைச் சுண்டினாற்போல மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

"ஏளா, வலிக்குதா?"

"எங்கனம்மா?"

"இங்கனதான். நகம் பட்டுச்சே."

"தெரியலையே. தொட்டியா என்ன?"

விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஆனால் அன்று இரவு சோறு பிசையும்போதெல்லாம் அந்தச் சத்தம் விரல் நுனியில் இருந்துகொண்டே இருந்தது.

சண்முகத்தாயும் அதே கொட்டகையில் நான்கு வருசம் கிடந்தவள்தான். இருமினால் சளியில் மினுமினுப்புத் தெரிய ஆரம்பித்தபின் முதலாளி தனுஷ்கோடி அவளைச் சிவகாசியில் தன் வீட்டுக்குப் பெருக்கித் துடைக்க வைத்துக்கொண்டார். அவள் காலி செய்த இடத்தில் மகள் போய் உட்கார்ந்தாள். தன் நெஞ்சுக்குள் இறங்கியது மகள் நெஞ்சுக்குள்ளும் இறங்கும் முன் அவளை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும். சண்முகத்தாய்க்கு ராத்திரி பகல் வேறு நினைப்பில்லை.

முதலாளிக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஜப்பான் தகரப் பொம்மைகள் சேர்ப்பார். மாடி ஹாலில் கண்ணாடி அலமாரி. அதில் முப்பத்தோரு எந்திர மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள்: நெஞ்சில் சிவப்புக் கண்ணாடி பதித்தவன், தலையில் கம்பி முளைத்தவன், கைக்குப் பதில் இடுக்கி வைத்தவன். முப்பத்திரண்டாவது, கோபே துறைமுகத்திலிருந்து கொழும்பு வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியபோது உப்புக்காற்றில் மூட்டுகள் துருப்பிடித்து, தோளிலும் முட்டியிலும் பூச்சு உரிந்து போயிருந்தது. பெட்டியைப் பிரித்த அன்று முதலாளி மத்தியானம் சாப்பிடவில்லை. கொட்டகையில் ஆள் செத்த அன்றும் சாப்பிட்டவர் அவர்.

"சண்முகம், இதை மட்டும் பழையபடி ஆக்கிக் குடுத்துட்டேன்னு வையி, ஒம் மகளை லேபிள் ஒட்டுற எடத்துக்கு மாத்திருதேன்" என்றார்.

அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? கம்பெனிப் பொடியை வெளியே எடுத்து வரக் கூடாது. ஆனால் பொடிக்காரிகள் வீட்டுக்கு அது தானாக வந்து சேரும். வேலைச் சேலையை உதறினால் ஒரு உழக்குத் தேறும். அதைக் கருவேலம் பிசினில் குழைத்து டிரங்குப் பெட்டிக்கும் அரிக்கேன் விளக்குக்கும் பூசிக்கொள்வது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்த வேலை. சண்முகத்தாய் மகளின் சேலையைத் தினத்தாளின் மேல் உதறி, மகளின் வேர்வை ஊறிய அந்தப் பொடியைச் சிரட்டையில் குழைத்து எடுத்துப் போனாள். உதிர்ந்த மயிர் ஒன்றிரண்டு கிடந்தது. பொறுக்கிப் போட நேரமில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பொம்மையின் இடது தோளில் முதல் பூச்சுப் பூசினாள். ஒரு புளியங்கொட்டை அளவுதான் பூச வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அச்சாபீஸ் ஜெயச்சந்திரன் வந்தார். அவரும் பொம்மைக் கிறுக்குதான், அவரிடம் பத்தொன்பது. சாப்பிட்ட கையோடு இருவரும் மேஜை முன் உட்கார்ந்துவிடுவார்கள். ஜெயச்சந்திரன் லேபிள் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பொம்மையின் தோளில் வைத்தார்.

"அண்ணாச்சி, யாரு பூசுனது? பூச்சு எங்கன முடியுது, தகரம் எங்கன தொடங்குதுன்னு தெரியலையே."

"நம்ம சண்முகந்தான். நெஞ்சு பூராம் வெள்ளி. இன்னும் ரெண்டு வருசம் போனா அவளையே அலமாரியில ஏத்திரலாம்."

"ஏத்துனா இருமி இருமிக் கண்ணாடியை உடைச்சிருவா அண்ணாச்சி."

இருவரும் சிரித்தார்கள். சண்முகத்தாயும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் மகளுக்கு ஆகாது.

"இது மடங்கும்லா?" என்றார் ஜெயச்சந்திரன்.

"அதுலதான விசேசமே! மனுசனா நிக்கிறவன் மடங்கி மடங்கி மோட்டார் காரா ஆயிருவான். நம்ம ஏஜெண்டு சொல்லுதாரு, அங்க ரேடியோப் பெட்டி மாதிரி ஒண்ணுல வரைஞ்ச படத்தையே ஓடவிடுதானாம். அதுல வாறவன் இவன். மெட்ராசுல ஒருத்தங்கிட்டயும் கிடையாது." முதலாளி பொம்மையின் முழங்காலை நெருடினார். அசையவில்லை. "துரு. சண்முகம், மூட்டுக்கெல்லாம் மிசின் எண்ணெய் விட்டு எளக்கி வையி. வார ஞாயித்துக்கெழமை மடக்குதோம்."

திங்கள்கிழமை முட்டிகளுக்குப் பூசினாள். மூட்டு மூட்டாகக் கோழி இறகால் எண்ணெய் தொட்டு விட்டாள்.

அன்று மாலை மகள் வரப்பில் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். நடை வேறு மாதிரி இருந்தது. கல் கிடந்த இடம், பள்ளம் கிடந்த இடம் எல்லாவற்றிலும் ஒரே அளவாக எட்டு வைத்து வந்தாள். வாசலுக்கு வந்ததும் வேர்வை வாடையும் கந்தக வாடையும் அடிக்க வேண்டிய உடம்பிலிருந்து தையல் மிசின் வாடை அடித்தது.

"எம்மா, எண்ணெய் விட்டியா?" என்றாள் இருளம்மாள். "இன்னைக்கு நடக்க லேசா இருக்கு."

சண்முகத்தாய் சொம்பைக் கீழே வைத்தாள்.

"யாரு... யாரு சொன்னா?"

"என்ன சொன்னா?"

மகளுக்குத் தான் கேட்டதே ஞாபகமில்லை. தண்ணீர் ஊற்றியபோது இரண்டு முட்டியிலும் வெள்ளி போகவில்லை. சண்முகத்தாய் தேய்த்துப் பார்க்கவும் இல்லை. ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சிரட்டையைக் கிணற்றில் போட்டாள். பூச்சை நிறுத்தினாள். நிறுத்தியும் அது நிற்கவில்லை. செவ்வாயன்று முழங்கை. புதனன்று பிடரி. இருளம்மாள் சோற்றுக்கு முன் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். தூக்கத்தில் புரளவில்லை. மூச்சு விடுகிறாளா என்று நெஞ்சில் காது வைத்துக் கேட்டால், தூரத்தில் எங்கேயோ தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு இரைச்சல்.

வியாழக்கிழமை கம்பெனி வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொட்டகைக்குள் இரும்பு போகக் கூடாது, பொறி தட்டிவிடும். வளையல், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலில் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வாசலில் தடவிப் பார்க்கிற பஞ்சம்மாள்தான் இருளம்மாளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

"ஏத்தா சண்முகம், ஒம் மக இடுப்புல என்னத்தக் கட்டிவிட்டிருக்க? தட்டுனா கிண்ணுங்குது. சேலையை அவுத்துப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. ஆனாலும் கிண்ணுங்குது. நான் உள்ள விடமாட்டேன்மா. நாப்பது உசுரு இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே போனாள்.

மகளைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தாகிவிட்டது. மகள் அங்கே போய் உட்கார்ந்த நாளிலிருந்து வேண்டியது அதைத்தான். சண்முகத்தாய் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி கம்பெனிக்குப் போன நேரம் பார்த்து, அலமாரியைத் திறந்து பொம்மையை எடுத்தாள். பூசியது தன் கை. சுரண்டுவதும் தன் கையாக இருக்கட்டும். சிரட்டைச் சில்லால் இடது தோளைச் சுரண்டினாள். வெள்ளி சுருள் சுருளாக வந்தது. புளியங்கொட்டை அளவும் வந்துவிட்டது. நிம்மதியாக மூச்சு விட்டாள். விஸ்வநத்தத்தில் தன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

இருளம்மாள் வாசலில் நின்றிருந்தாள். இடது தோளில் ஒரு ஓட்டை இருந்தது. ரத்தம் இல்லை. சதை இல்லை. ஓரம் தகரத்தைக் கத்தரித்த மாதிரி சீராக இருந்தது. உள்ளே ஒரே இருட்டு. சண்முகத்தாய் முந்தானையைக் கிழித்து மடித்து அந்த ஓட்டையில் வைத்தாள். துணி உள்ளே போய் விழுந்தது. கீழே, வெகு கீழே, விழுந்த சத்தமும் கேட்டது.

"எம்மா, குளிருது" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மகளை நடத்திக்கொண்டு சிவகாசிக்குப் புறப்பட்டாள். தனியே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. கழுத்திலிருந்து கால் வரை போர்வை போர்த்தியிருந்தாள். கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. தெருவில் ஈ காக்கை இல்லை. பக்கத்தில் டக், டக், டக் என்று ஒரே சீராக ஒரு நடை. முதலாளி வீட்டு மாடியில், ஹாலுக்குப் பின்னால் இருக்கிற தாழ்வாரத்தில் மகளை நிழலில் உட்கார வைத்தாள்.

"அசையாம இரு தாயி. அதை வாங்கிட்டு வந்திருதேன். நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்."

இருளம்மாள் தலையாட்டினாள். தலை ஆடியபின் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

ஹாலில் பொம்மை ஏற்கெனவே மேஜை மேல் நின்றது. முதலாளியும் ஜெயச்சந்திரனும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சண்முகத்தாய் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"மொதலாளி, அதை எனக்குத் தந்திருங்க. லேபிள் ஒட்டுற எடம் வேண்டாம். சாகுற வரைக்கும் சும்மா வேலை செய்யுதேன். மடக்க மட்டும் வேண்டாம்."

"கேட்டீகளா தம்பி?" முதலாளி ஜெயச்சந்திரன் பக்கம் திரும்பினார். "நமக்குப் போட்டியா இவளும் சேக்க ஆரம்பிச்சிட்டா."

"ஒண்ணுல இருந்துதான அண்ணாச்சி நாமளும் ஆரம்பிச்சோம்."

"எம் மகளுக்கு ஆகல மொதலாளி. வெளியதான் இருக்கா. ஒரு எட்டு வந்து பாத்துட்டு..."

"பாப்போம், பாப்போம். மொதல்ல இவனைப் பாப்போம்."

அவர் பொம்மையின் வலது காலைப் பிடித்து மேலே தள்ளினார்.

டக்.

தாழ்வாரத்தில் ஒரு டக். பெரியதாக.

"ஆகா! எண்ணெய் நல்லா இறங்கியிருக்கு அண்ணாச்சி."

இடது கால். டக். தாழ்வாரத்தில் என்னவோ பொத்தென்று தரையில் இறங்கியது. "எம்..." என்று ஒரு குரல் தொடங்கியது. முதலாளி பொம்மையின் தலையை அமுக்கினார். குரல் பாதியில் நின்றது.

தலை பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது.

"இறங்க மாட்டேங்குதே."

"கையைப் பின்னால திருப்பாம தலையை அமுக்கிட்டீக அண்ணாச்சி. கைதான் மொதல்ல."

"தலைதான் மொதல்ல. பெட்டிமேல உள்ள படத்துல பாத்தேன்."

"பெட்டிக்குள்ள வந்த வெவரத் தாளை எடுங்க, பாப்போம்."

"எல்லாம் ஜப்பான் எழுத்து. கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

சண்முகத்தாய் பாய்ந்து பொம்மையைப் பிடுங்கினாள்.

"ஏளா! வலுவா இழுத்திராத, உடைஞ்சிரும்!"

கதவு வழியே தாழ்வாரம் தெரிந்தது. போர்வை விலகிக் கிடந்தது. கால்கள் இல்லை. கால்கள் இருந்த இடத்தில் வயிறு மூடியிருந்தது. தலை கழுத்துக்குள் பாதி இறங்கி, வாய் நெஞ்சுக்குள் போய்விட்டது. மூக்குக்கு மேலேதான் வெளியே. இரண்டு கண்ணும் தாயைப் பார்த்தன. கண் மட்டும் இன்னும் மகளுடைய கண்.

பொம்மையின் தலையை மேலே இழுத்தாள். ஒரு மயிரிழை. தாழ்வாரத்தில் தகரம் கிழிகிற சத்தம். கண்கள் பிதுங்கின.

விட்டுவிட்டாள். தலை கீழே இறங்கப் பார்த்தது. கட்டைவிரலைக் கொடுத்துத் தடுத்தாள்.

"கையைத் திருப்புன்னு சொல்லுதேன்."

"திருப்பாத சண்முகம். காலை வெளிய எடு மொதல்ல."

"காலை எடுத்தா ஸ்பிரிங்கு போயிரும் அண்ணாச்சி."

"அப்ப அப்படியே புடிச்சிக்கிட்டு நில்லு. விரலை அசைச்சிராத." முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "காப்பியைக் குடிச்சிட்டு வந்து யோசிப்போம். வாங்க தம்பி."

இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். கீழே டம்ளர் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

சண்முகத்தாய் நின்றாள். இருமல் வந்தது. நெஞ்சோடு அடக்கினாள். தாழ்வாரத்துக் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இமைக்காமல் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தன.

பொம்மையின் கழுத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. விரல் வேர்த்தது.

வழுக்கத் தொடங்கியது.