சிரிக்காமல் போனவள்

அயனம்பாக்கம் ஏரிக்கரையோரத்து அந்தப் பழைய பங்களாவுக்குள் ஹேமநாதன் காலை வைத்ததிலிருந்தே ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. இயக்குநராக அவனுக்கு இது முதல் படம். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ், ஜாஸ் வாசிக்கிற கிளப், அங்கே பாடுகிறவள் மாடிப்படியில் கொலையாகிக் கிடக்கிறாள். அந்தப் பிணத்தில்தான் கதையே ஆரம்பம். அந்த ஒரு ஷாட்தான் பாக்கி. மறுநாள் காலையில் ஃப்ளாட் கட்டுவதற்காக வீட்டை இடிக்கிறார்கள். இன்றைக்கு எடுக்காவிட்டால் படம் பெட்டிக்குள் போய்விடும் என்று தயாரிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வெளியே மண்டையைப் பிளக்கிற மதிய வெயில். உள்ளே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்துணி கட்டி ராத்திரியாக்கியிருந்தார்கள். ஏரிச் சேற்று வாடை மட்டும் எப்படியோ உள்ளே வந்துகொண்டிருந்தது.

பிணமாகப் படுத்தவள் சுரேகா, திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வருகிற துணை நடிகை. பாசிமணி தைத்த கவுன் போட்டிருந்தாள். பாவம், மூச்சை அடக்கித்தான் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு டேக்கிலும் கடைசி நொடியில் வயிறு ஏறி இறங்கும், மணிகள் மினுக்கும், ஷாட் பாழாகும். நடுவில் ஜெனரேட்டர் வேறு நின்று தொலைத்தது. ஹேமநாதனுக்குத் தலைக்கேறிவிட்டது.

"செத்த மாதிரி படுக்கக்கூடத் தெரியாதா? அப்புறம் எதுக்கும்மா வர்றீங்க?"

எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, ஜெனரேட்டர்காரனோடு சண்டை போட வெளியே போனான். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

எல்லாரும் திரும்பி வந்தபோது அவள் படியில் தயாராகக் கிடந்தாள். கத்தினால்தான் இங்கே வேலை நடக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கேமரா ஓடியது.

ஒரு மணிகூட அசையவில்லை.

ஓகே சொன்னதும் லைட்மேன் எத்திராஜ் பக்கத்தில் வந்தார். சினிமாவில் பிணமாக நடித்தவர் யாராக இருந்தாலும் அதே கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். செத்தது பொய் என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அது.

"அந்தப் பொண்ணு சிரிக்கட்டும் சார். எவ்ளோ பெரிய டைரக்டரும் இத்த உட்டதில்ல."

அது ஒன்றுதான் குறைச்சல் என்று எரிந்து விழுந்தான் ஹேமநாதன். "பேக்கப்" என்றான். விளக்குகள் அணைந்தன.

இருட்டில் மணிகள் உரசுகிற சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாள் போலிருக்கிறது.

அப்போது அவனுடைய போன் அடித்தது. பேசியது சுரேகா. பின்னால் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நீங்க திட்டினதும் அழுக வந்துடுச்சு. கவுனோடயே ஆட்டோ ஏறிட்டேன். அம்பத்தூர் ஸ்டேஷன்ல குந்திகினு கீறேன். திரும்பி வரட்டா சார்?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எத்திராஜ் ஜன்னல் துணியைப் பிய்த்து எறிந்தார்.

படியில் யாருமில்லை.

மறுநாள் வீடு தரைமட்டமாயிற்று. அந்த டேக் வேண்டாம் என்று எத்திராஜ் கெஞ்சிப் பார்த்தார். வேறு டேக் எங்கே இருக்கிறது? எவள் படுத்தால் என்ன, படம் முடிந்தால் சரி என்று ஹேமநாதன் அதையே எடிட்டிங்குக்குக் கொண்டுபோனான்.

எடிட்டர் பவித்ரா காட்சியை ஓட்டினாள். கேமராவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. அவனுடைய "பேக்கப்" கேட்கிறது. அன்றைக்கு யார் கண்ணிலும் படாமல், படியில் கிடந்தவள் எழுந்து உட்கார்கிறாள். கேமராவையே பார்க்கிறாள். எதற்கோ காத்திருக்கிறாள். விளக்கு அணைகிறது.

பவித்ரா அதை வெட்டினாள். மறுபடி ஓட்டினால் அது அங்கேயே இருந்தது. இன்னொரு தடவை வெட்டினாள், இருந்தது. மத்தியானத்துக்குள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஹேமநாதனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. அழுகையும் வந்தது. சிரிக்க வேண்டும், அவ்வளவுதானே? போனில் கேமராவைத் திறந்து, பவித்ராவின் காலி நாற்காலிக்கு நேராகப் பிடித்தான்.

"எடுக்கறேன். சிரிச்சுத் தொலைம்மா."

முகம் தெரிந்தால் போன் திரையில் வருமே ஒரு மஞ்சள் கட்டம், அது காலி நாற்காலிக்கு மேலே வந்து நின்றது.

அவன் காத்திருந்தான். சேற்று வாடை அடித்தது.

கட்டம் மெதுவாக மேலே எழும்பியது. பிறகு பெரிதானது.

"சிரிம்மா," என்று கெஞ்சினான்.

நடித்தவர்கள்தானே சிரித்துவிட்டுப் போவார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவள் நடிக்கவில்லை.

கட்டம் திரை முழுவதும் நிறைந்தது. அவன் காதுக்குப் பக்கத்தில் பாசிமணிகள் உரசின.