காலி அறையில் பழ வாசனை

கடைசி லோடு செந்தூரா மாம்பழம் காலையிலேயே கம்பைநல்லூர் மண்டிக்குப் போய்விட்டது. வீட்டை ஒட்டிய பழ அறையின் வைக்கோலைப் பாஞ்சாலியே புரட்டிப் போட்டாள், கதவையும் இருந்த ஒரே சன்னலையும் திறந்து வைத்து மதியம் முழுக்க அனல்காற்று உள்ளே போய்வர விட்டாள். அப்படியும் சாயங்காலம் சோற்றுப் பானையை இறக்கும்போது, அடுப்புப் புகையையும் மீறி, வெடித்து நீர் வடியும் பழத்தின் வாசனை வீட்டுக்குள் வந்தது.

பாஞ்சாலிக்குத் தன் மூக்கில் நம்பிக்கை அதிகம். கார்பைடு கல் வைக்காமல் வைக்கோலில் மட்டுமே பழுக்க வைக்கும் வீடு அது. பழ அறைக் கதவைத் திறக்காமலே, இடுக்கில் மூக்கை வைத்து, நாளைக்குப் பிரிக்கலாம், இன்னும் பொறுக்கணும் என்று சொல்லிவிடுவாள். ஒரு சீசனிலும் அது தப்பியதில்லை என்று அவள் கணவன் நஞ்சப்பன் மண்டியில் பெருமையடிப்பான். அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த வாசனை எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. எங்காவது ஒரு பழம் உருண்டு கிடக்கும் என்று அரிசி மூட்டைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினாள். ஒன்றும் இல்லை.

கட்டிலில் நஞ்சப்பன் குப்புறப் படுத்திருந்தான். அவன் பின்கழுத்துக் கட்டியில் காலையில் அவள் குழைத்துப் போட்ட சுண்ணாம்பும் பார் சோப்பும் காய்ந்து வெடித்திருந்தது. சித்திரையில் தொடையில் ஒன்று, அது ஆறுவதற்குள் அக்குளில் ஒன்று, இப்போது கழுத்தில். மாம்பழச் சூடு என்று அவன் சொன்னான், அவளும் நம்பினாள். மாந்தோப்பில் குடியிருப்பவனுக்குக் கட்டி வந்தால் அதற்கு ஜோசியமா பார்ப்பார்கள்? மருந்துக்கடைக்காரர் மட்டும் எதற்கும் ரத்தம் சோதித்துவிடுங்கள் என்றார். சீசன் முடியட்டும் என்றான் நஞ்சப்பன். பழமோ கட்டியோ, தானாய்க் கனியாததைத் தடிகொண்டு அடித்தா கனிய வைப்பது என்று சிரித்தான். பாஞ்சாலியும் சேர்ந்து சிரித்தாள். 

ஆனால் இன்று அவன் பேசவே இல்லை. மதியத்திலிருந்து இரண்டு குடம் தண்ணீரைக் குடித்துத் தீர்த்திருந்தான், குடித்ததில் பாதியை வாந்தியெடுத்தான். மூச்சு மட்டும் நீளமாக, ஆழமாக, மேட்டில் மூட்டை சுமந்து ஏறியவனுக்கு வருவதுபோல வந்துகொண்டிருந்தது. வெளியே மேகம் திரண்டு இருட்டியது. முதல் இடியிலேயே கரண்ட் போனது. பாஞ்சாலிக்குப் பயமாக இருந்தது. தருமபுரியில் நர்ஸாக இருக்கும் தங்கை மகள் காவியாவுக்குப் போன் போட்டு, கட்டி, தாகம், வாந்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

 காவியா மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு கட்டின்னா வந்துட்டுப் போயிரும் பெரியம்மா. ஆறாம மறுபடி மறுபடி வருதுன்னா வியாதி உள்ள இருக்குது. பெரியப்பாவுக்குச் சர்க்கர ஏறியிருக்கும். முத்துனா மூச்சே பழமா மணக்கும். கிட்டப் போயிப் பாருங்க, அவரு மூச்சுல பழ வாசன அடிக்குதா?"

பாஞ்சாலி போன் வெளிச்சத்தோடு கட்டிலுக்குப் போனாள். குனிந்தாள். நஞ்சப்பன் மூச்சை வெளியே விட்டான்.

அழுகத் தொடங்கும் செந்தூரா.

எத்தனை நாளாக இதே வாசனையை இழுத்து, பழம் நல்லா வருது என்று சந்தோஷப்பட்டாள். வேறு எந்த வீட்டிலும் இது இத்தனை நாள் மறைந்திருக்காது. 

உடனே ஆம்புலன்ஸ் வண்டி வரச் சொல்கிறேன், கட்டியைத் தொடாதீர்கள், சர்க்கரை இந்த அளவுக்கு ஏறினால் புத்தியும் தடுமாறும் என்றாள் காவியா. பாஞ்சாலி வெளிச்சத்தைக் கழுத்துக்குத் திருப்பினாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஒரு முனை இல்லை. சல்லடையாய்க் கண்கள். அவன் மூச்சு விடும்போதெல்லாம் ஒவ்வொன்றிலிருந்தும் சீழ் எட்டிப் பார்த்து உள்ளே போனது. இப்படிப் பல கண் வைக்கும் கட்டியை ராஜபிளவை என்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

நஞ்சப்பன் கண்ணைத் திறந்தான். காம்பு அறுக்கும் கத்தி அவன் கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

"பழுத்துப்போச்சு புள்ள. அறு."

"வேணாங்க. காவியா வண்டி அனுப்புறா."

அவன் எழுந்தான். கல்யாணமான நாளிலிருந்து கை ஓங்காத மனிதன், அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பல் உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். மறுபடி மோதினான். போன் எங்கோ விழுந்து கூரையைப் பார்த்து எரிந்தது. அவன் கட்டைவிரல் அவள் தொண்டையில் ஊன்றியது. மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, மண்டியில் பதம் பார்க்கும் விரல்.

"உனக்கும் பழுத்திருக்குது."

கத்தி அவள் காதுக்குக் கீழே கீறியது. ரத்தம் சூடாக இறங்கியது. அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு தட்டும்வரை கடித்தாள். அவன் கத்தவில்லை. கையை இழுக்கக்கூட இல்லை.

முழங்காலால் எத்தினாள். அவன் பின்னால் சாய்ந்து, திறந்திருந்த பழ அறைக்குள் விழுந்தான். கதவை இழுத்துத் தாழ் போட்டாள்.

இடி. மழை. கதவில் தோள் மோதும் சத்தம். மறுபடி. பலகை இடுக்கில் கத்தி முனை வந்து அவள் முழங்கையைக் கிழித்துப் போனது. அவள் நகரவில்லை. தாழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மோதல் நின்றது.

"தண்ணி குடு புள்ள."

பழைய குரல். அவளுடைய நஞ்சப்பனின் குரல். திறந்தால் கொல்வான். திறக்காவிட்டால் செத்துப்போவான். பாஞ்சாலி நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு அழுதாள். திறக்கவில்லை.

அவன் மறுபடி கேட்டான். அப்புறம் கேட்கவில்லை.

உள்ளே ஒரு சத்தம். சன்னமாக. ஈரமாக. விட்டு விட்டு.

தரையில் கிடந்த போன் அடித்தது, எட்டி எடுத்தாள். வண்டி தோப்பு முனைக்கு வந்துவிட்டது, சேற்றில் ஏற முடியாமல் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு நடந்து வருகிறார்கள் என்றாள் காவியா. "மூச்சு இருக்குதான்னு பாருங்க பெரியம்மா. மயக்கமாயிட்டா நிமிஷம்கூடத் தாங்காது."

பாஞ்சாலி போன் வெளிச்சத்தை முன்னால் நீட்டித் தாழை நீக்கினாள்.

வைக்கோல் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபம் இல்லை. சீசனில் ஒரு நாள்கூட அவ்வளவு நிம்மதியாக அவனை அவள் பார்த்ததில்லை. இடது பாதம் மடியில் இருந்தது. மாம்பழத்துக்குத் தோல் சீவுவதுபோல, அவசரமில்லாமல், கட்டைவிரலை அணை கொடுத்து, கணுக்காலிலிருந்து சீவிக்கொண்டிருந்தான். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வைக்கோலில் இறங்கியிருந்தது.  வலிக்கலயா என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

"ஒண்ணும் தெரியல புள்ள" என்றான்.

பிறகு ஒரு துண்டை அரிந்தான். கத்தி முனையில் குத்தினான். கையை நீட்டி, அவள் வாங்கிக்கொள்வதற்காகக் காத்திருந்தான்.