நடுவருக்கு வலிக்கும் அளவு

ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் ஒருவர் கையில் ஒருவர் வலிப்பட்டையைக் கட்டிவிடுவது வழக்கம். உதவி நடுவர் பர்வீன் அன்றைக்குத் தலைமை நடுவர் சாலமோனின் கையைப் பிடித்ததும் தயங்கினாள். உள்ளங்கை முழுக்கக் கட்டு.

"என்ன சார் இது?"

"தோசைக்கல்லு பட்டுட்டும்மா."

"பாத்து எடுக்கக் கூடாதா?"

அவர் சிரித்து மழுப்பினார். சதை கருகும் வாடைக்கு மனைவி ஓடிவந்து கையை இழுத்துவிட்ட பிறகுதான் தனக்கே தெரிந்தது என்று எப்படிச் சொல்வார்?

முன்பெல்லாம் கூடைப்பந்தில் முரட்டுத் தவறு என்றால் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே இடித்தாளா, பந்துக்குப் போனவள் தவறி இடித்தாளா என்று ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள். பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். வலிப்பட்டை வந்து அந்தக் கூத்துக்கெல்லாம் முடிவு கட்டியது. பட்டையை அழுத்தினால், அடிபட்டவர் போட்டிருக்கும் உணர்வுச்சட்டையிலிருந்து வலி அப்படியே தலைமை நடுவரின் உடம்புக்கு வரும். தாங்க முடிந்தால் ஒரு விரல். இரண்டு எறிவும் பந்தும் கொடுத்து ஆட்டம் தொடரும். தாங்க முடியாவிட்டால் இரண்டு விரல், இடித்தவர் வெளியே. நடுவருக்கே வலித்த பிறகு யார் வாய் திறப்பது?

ஊரார் வலியையெல்லாம் வருடக்கணக்கில் வாங்கி வாங்கி நடுவரின் உடம்பு மரத்துப்போகுமே என்று மட்டும் எந்தப் புத்திசாலியும் யோசிக்கவில்லை. சாலமோனுக்குத் தெரியும். வெளியே சொன்னால் விசிலைப் பிடுங்கிக்கொள்வார்கள். விசில் இல்லாவிட்டால் தான் யார் என்ற பயத்தில் மனிதர் வாயைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது கால்பகுதியில் ஜெனிட்டா கூடையை நோக்கி எம்பினாள். எதிரணி ஹேமலதா பந்தைப் பார்க்கவே இல்லை; பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளினாள். ஜெனிட்டா இடுப்படிபட விழுந்த சத்தம் மேல்வரிசை வரை கேட்டது.

சாலமோன் பட்டையை அழுத்தினார். கொசு கடித்த மாதிரி ஏதோ ஒன்று. கண்ணால் பார்த்தது வேறு சொன்னது. ஆனால் கண்ணை நம்பச் சட்டத்தில் இடமில்லை. பர்வீனை அழுத்தச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு விரலை உயர்த்தினார்.

"அவ்வளவுதானா சார்?" தரையில் கிடந்தபடியே கேட்டாள் ஜெனிட்டா.

"அவ்வளவுதாம்மா."

அவளுடைய பயிற்சியாளர் ஓடிவந்தாள். "முடியலைன்னா சொல்லுடி, வேற ஆளை இறக்குறேன்."

"வேண்டாங்கா. சாருக்கே அவ்வளவா வலிக்கலையே. நான்தான் பயந்துட்டேன் போல."

ஒரு காலில் பாரத்தைப் போட்டு எழுந்து, எறிவுக் கோட்டுக்குப் போனாள். சும்மா நடித்துவிட்டோமோ என்கிற வெட்கம் அவள் முகத்தில் இருந்தது. அந்த வெட்கம் சாலமோனுக்கு வலித்தது. எந்தப் பட்டையும் இல்லாமல் வலித்தது. பந்தை நீட்டினார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவர், விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

பர்வீனுக்குப் பொறுக்கவில்லை. தலைமை நடுவர் சொல்லாமல் உதவி நடுவர் அழுத்தக் கூடாது என்ற விதி கிடக்கட்டும் என்று தன் பட்டையை அழுத்தினாள். அடுத்த கணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து வீறிட்டாள். அரங்கமே எழுந்து நின்றது.

ஜெனிட்டாவின் கையிலிருந்து பந்து நழுவி உருண்டது. அலறுகிற பர்வீனையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.