கொக்கி தெரிந்த திருடன்

காலை ஏழரை மணிக்கு மாப்பிள்ளையின் சூட்கேஸிலிருந்து அந்த எஞ்சின் வெளியே வந்தது. எடுத்தவர் மாமனார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு சாண் நீளம், பச்சை நிறம். ஐரோப்பாவில் ஓடும் மின்சார ரயில் எஞ்சின் ஒன்றின் சின்ன வடிவம். மாடியறை முழுக்கத் தண்டவாளம் போட்டுக் குட்டி ரயில் ஓட்டும் மாமனார், ஒரு வருடம் காத்திருந்து வரவழைத்தது. நேற்று மாலைதான் வந்தது. விடிந்ததும் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டார்.

"போலீஸெல்லாம் வேணாம், குடும்ப மானம் போயிடும்," என்று வாசல் கதவைப் பூட்டினார். "அந்த வெளியூர் வேலைய விட்டுட்டு இங்கயே இருங்க மாப்பிள்ளை. நடந்தத நான் மறந்துடறேன்."

மூன்று வருடமாக அவன் வீட்டோடு மாப்பிள்ளை. செருப்பை மாட்டினாலே எங்கே என்று கேள்வி வரும். இன்று பகல் ரயிலில் மனைவியோடு ஏறிவிட்டால் பிழைத்தோம் என்றிருந்தான். இப்போது போனால் திருடன், இருந்தால் மன்னிக்கப்பட்ட திருடன். 

"செய்யாத தப்புக்கு எதுக்குப்பா மன்னிப்பு?" என்று மனைவிதான் போலீஸுக்குப் போன் போட்டாள். மாமனார் வேண்டா வெறுப்பாகக் கதவைத் திறந்துவிட்டார்.

வந்த பெண் இன்ஸ்பெக்டர் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். அதன் கூரையில், மேலே போகும் மின்கம்பியைத் தொடுவதற்கு ஒரு மடக்குக் கை. அது மடங்கிப் படுத்திருந்தது. அடியில் மெல்லிய காகிதம் வைத்திருந்தது.

"சூட்கேஸ்ல இப்படியேதான் இருந்துச்சா?"

"இப்படியேதான்," என்றார் மாமனார்.

"இதோட அட்டைப்பெட்டி எங்க?"

"மாடி அலமாரியில."

"பெட்டி இல்லாம வித்தா?"

"பாதி விலைகூடத் தேறாது. விவரம் தெரிஞ்சவன் மொதல்ல பெட்டியத்தான் கேப்பான்." அந்த நேரத்திலும் மாமனார் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"நேத்து இத யார் யார் தொட்டீங்க?"

"நான் மட்டும்தான். இந்தக் கைய நிமித்தி ஓட்டிப் பாத்துட்டு, அப்படியே தண்டவாளத்துல விட்டுட்டுத் தூங்கப் போனேன். பாக்கக் கூப்பிட்டேன், ரெண்டு பேரும் வரல. மூட்டை கட்டறதுலயே குறியா இருந்தாங்க."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை உருவி, மடக்குக் கையை விடுவித்தார். அது டக்கென்று எழுந்து நின்றது. எஞ்சினை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"பழையபடி மடக்குங்க தம்பி."

அவன் அமுக்கினான். விட்டதும் எழுந்தது. மறுபடி அமுக்கினான், மறுபடி எழுந்தது. வேர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

"ஐயோ, அமுக்காதீங்க! அடியில சின்னக் கொக்கி இருக்கு, அதுல மாட்டணும்!" மாமனார் பாய்ந்து பிடுங்கினார். "தெரியாதவன் தொட்டா ஒடைஞ்சிடும்!"

"ஆனா ஒடையலயே சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "கொக்கி தெரியாத திருடன் எடுத்திருந்தா இந்தக் கை இந்நேரம் வளைஞ்சிருக்கும். சரி, தம்பி நடிக்கிறார், எல்லாம் தெரிஞ்ச திருடன்னே வெச்சுக்குவோம். அவர் அட்டைப்பெட்டிய விட்டுட்டு வருவாரா? கொக்கியும் தெரியணும், விக்கற எண்ணமும் இருக்கக் கூடாது, கீறல் இல்லாம காலையில திரும்பக் கைக்கு வரணும். அப்படி ஒருத்தர்தான் இந்த வீட்ல இருக்கார். இத சூட்கேஸ்ல வெச்சது நீங்க."

மாமனார் எஞ்சினை மார்போடு அணைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "உங்கம்மாவும் இல்ல. நீயும் போயிட்டா நான் யார்கூடம்மா பேசுவேன்?"

மாப்பிள்ளைக்கு வந்த கோபம் பாதியிலேயே இரக்கமாகிப் போனது. "கேஸெல்லாம் வேணாம் மேடம். பெரியவர், விட்டுடுங்க," என்றான்.

மனைவி சூட்கேஸை மூடி நிமிர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அவர் பெரிய மனசு பண்ணிட்டாருப்பா. எனக்கு இன்னும் அந்த மனசு வரல. வந்தா நானே போன் பண்றேன்."

சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில் படியிறங்கினாள்.