நனையாத மெஷின்

கால்வாயிலிருந்து தூக்கியபோது பிணத்துக்கு முகம் இல்லை.

மீன்கள் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் இடது மணிக்கட்டில் தங்க வாட்ச் இருந்தது. அதன் முதுகில், மாமனார் மாப்பிள்ளைக்குப் பொறித்துக் கொடுத்த கல்யாணத் தேதி!

காணாமல் போயிருந்த பழைய வாட்ச் வியாபாரியின் மனைவியை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். வாட்சைப் பார்த்தாள். அவருடையதுதான் என்றாள். அழவில்லை.

அழாததுதான் தப்பாகப் போயிற்று.

பிணத்தைச் சுற்றியிருந்த படுக்கை விரிப்பும் அவள் வீட்டுடையது. அவன் காணாமல் போவதற்கு முதல் நாள் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு இது போதும். மனிதர் கேஸ் விசாரிப்பதைவிட முடிப்பதில் கெட்டிக்காரர்.

"ஒத்துக்கிட்டா எனக்கும் வேலை மிச்சம், உனக்கும் அடி மிச்சம்மா..."

சண்டை போட்டது நிஜம் என்றாள் அவள். புருஷன் பழைய வாட்ச் கூடுகளுக்குள் கண்ட மெஷினையும் திணித்து, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, அசல் என்று விற்றுக்கொண்டிருந்தான். ஏமாந்தவர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். போய்ச் சரண்டர் ஆகுங்கள் என்று சொன்னதற்குத்தான் அந்தச் சண்டை.

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

வாட்ச் எப்போது நின்றது என்று தெரிந்தால் கேஸ் பலப்படும் என்பது அவர் எண்ணம். பக்கத்துத் தெரு வாட்ச் ரிப்பேர்க்காரர் வந்தார். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து அழுக்குத் தண்ணீர் மேஜையில் சொட்டியது.

எட்டிப் பார்த்த அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"சார்... இது வேற மெஷின்."

"உட்காரும்மா."

"மூணு இலை எங்க சார்?"

ரிப்பேர்க்காரர் நிமிர்ந்தார். டயலில் மூன்று இலை முத்திரை இருந்தது. மூடியின் உட்புறத்திலும் இருந்தது. அந்தக் கம்பெனி மெஷினிலும் அதைக் குத்தாமல் வெளியே அனுப்பாது. இதில் முத்திரையும் இல்லை, நல்ல மெஷினில் பதிக்கிற சிவப்புக் கற்களும் இல்லை. மட்டமான சரக்கு என்று முகத்தைச் சுளித்தார். திருகாணிகளில் புதுக் கீறல்... மாட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம்.

உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"தினமும் சாப்பிட்டதும் மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு ரசிப்பார் சார். என் மூஞ்சியை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல."

"அப்ப நீயே கழட்டி வித்திருக்கே."

"தங்கத்தைப் பொணத்துக் கையில விட்டுட்டு, உள்ளே இருக்கற மெஷினை மட்டும் எடுத்துட்டுப் போற திருடன் உலகத்துல ஒருத்தன்தான் சார் இருக்கான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் வீட்டுக்காரர்."

இன்ஸ்பெக்டரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"அப்ப... செத்தது யாரு?"

இப்போது அவள் அழுதாள்.

மாடியில் குடியிருந்த சேல்ஸ்மேன்! கல்யாணம் ஆகாதவன். புருஷனின் உயரம், புருஷனின் உடல்வாகு. ஊருக்குப் போயிருக்கிறான் என்று புருஷன்தான் சொன்னான். அந்த அறையைப் பூட்டியதும் அவன்தான். புகாரிலிருந்து தப்பிக்க, தேடி வர ஆள் இல்லாத மனிதனாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, அவளுடைய விரிப்பிலேயே சுற்றி, பழியையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் பாவி.

அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. வெறும் மெஷினைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைய முடியாது. அதற்குப் பொருந்துகிற காலிக் கூடு வேண்டும். அவை கிடைக்கும் கடைகளை ரிப்பேர்க்காரர் சொன்னார். பக்கத்து ஊர்க் கடையில், புதுத் தாடிக்காரன் ஒருவன் அதே அளவில் ஸ்டீல் கூடு வாங்கிப் போயிருந்தான்.

அந்த ஊர் லாட்ஜ் ஒன்றில் கதவை உடைத்தபோது அவன் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். குத்துக்கல் மாதிரி, உயிரோடு!

விலங்கோடு கொண்டு வந்து மனைவியின் எதிரில் நிறுத்தினார்கள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரும்தான் அவளிடம் கேட்கவில்லை. போலீசுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"ஏன்டா, இந்த மெஷினையும் சேர்த்துத் தண்ணியில போட்டிருந்தா உன்னை யாருமே தேடியிருக்க மாட்டோமே?"

"மனசு வரல சார்."

"ஒரு மனுஷனைப் போட மனசு வந்துச்சாடா?" என்றாள் மனைவி. இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

அவன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த ஸ்டீல் வாட்சையே பார்த்தான். சாட்சிப் பொருள் என்று தெரியும், ஆனாலும் ஈரம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான்.

இன்ஸ்பெக்டர் வாட்சைக் காகித உறைக்குள் போட்டு ஒட்டினார்.

"கவலையே படாதே. கேஸ் முடியற வரைக்கும் எங்க கீழ் ரூம்லதான் இருக்கும். போன மழைக்கு அங்க இடுப்பளவு தண்ணி... இந்த வருஷம் இன்னும் அதிகமாப் பெய்யுமாம்!"