நாற்பது பச்சைக் கழுத்துகள்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பல் துலக்கியதும் எல்லோரும் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துக்கொள்வார்கள். காதுக்குக் கீழே தோலுக்குள் பதித்த ரசனைவிளக்கு நரம்பைப் படித்துக் காட்டிக்கொடுத்துவிடும்: பிடித்தால் பச்சை, அலுத்தால் சிவப்பு. கல்யாணச் சாப்பாட்டை வாய்விட்டுப் புகழ்வது நின்றுபோய் முப்பது வருடமாகிறது.

குணசீலனுக்கு அன்று காலையிலிருந்து சிவப்பு. 'எட்டாம் பரிமாணம்' என்னும் புரோக்ரெசிவ் மெட்டல் ராக் இசைக்குழு ஒன்பது வருடம் தவமிருந்து வெளியிட்ட 'முடிவிலியின் முதுகெலும்பு' தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் பாட்டே இருபத்து மூன்று நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம் கிட்டார் மட்டும் தனியாக எதையோ தேடிக்கொண்டிருந்தது. மாலையில் ரசிகர் மன்றம் கூடிக் கேட்கும். அங்கே சிவப்பு எரிந்தால் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். இருபது வருட அட்டை.

குழுவைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. விளக்கைச் சந்தேகித்தான்.

விளக்கு பழுதுபார்க்கும் ஜைனம்பு, தண்ணீர் வண்டியின் மணியிசையை ஒலிக்கவிட்டாள். கழுத்து பளிச்சென்று பச்சையானது.

"விளக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. பாட்டுதான்..."

"பாட்டப் பத்திப் பேசாதீங்கக்கா."

"பேசல. ஒரு ஊசி போட்டு பச்சையிலயே பூட்டி விடவா? நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கும்."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கழுத்தை நீட்டினான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"காலைலேருந்து வர்றவங்க எல்லாம் இதத்தான் சொல்றாங்க."

மன்றத்தில் நாற்பது கழுத்தும் பச்சை. குணசீலன் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தான். அவர்களும் அவனை உற்றுப் பார்த்தார்கள். மன்றத் தலைவர் பூங்குன்றன் ஊசி போட்ட இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஒன்பதாவது நிமிடத்தில் மேடையில் ஒரு சிவப்பு எரிந்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த ருத்ரகீர்த்தி. பாட்டை இயற்றியவர், கிட்டார் வாசித்தவர்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் கொட்டாவியை விழுங்கி. "எனக்கே தாங்கலீங்க."

அவர் விளக்கு உண்மையென்றால் நாற்பது விளக்கும் பொய். பூங்குன்றனின் பார்வை வரிசை வரிசையாக நகர்ந்து குணசீலனிடம் வந்து நின்றது.

குணசீலன் எழுந்தான். "அவருக்கே இன்னும் பிடிபடலங்க. பத்து தடவையாவது கேக்கணும். இது லேசுப்பட்ட பாட்டா?"

"அதானே!" என்றது கூட்டம், உயிர் வந்து.

ருத்ரகீர்த்தியின் கௌரவ உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். கதவைச் சாத்தினார்கள். பிறகு, மரியாதைக்காக, பாட்டை முதலிலிருந்து போட்டார்கள்.