பின்னோக்கி ஓடிய மீட்டர்

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பனிமழையில் கம்பிகள் அறுந்து, கென்டக்கி மலையின் இந்த மூலை முழுவதும் மின்சாரம் போய் நாலு நாளாகிறது. ஓட வாய்ப்பே இல்லை. பள்ளத்தாக்கின் வாசலில், கேபிள் கம்பத்தடியில் நின்று, வெர்லா கையுறையால் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். உள்ளே தகடு பின்னோக்கிச் சுழன்றது.

கேபிள் டிவி வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மின்சாரக் கம்பெனியின் கரண்ட் மீட்டர் வழியாகக் கம்பத்துப் பெட்டிக்குள் வரும். பெட்டி அதைக் கேபிளில் ஏற்றிப் பள்ளத்தாக்குக்குள் அனுப்பும். மேலே இருக்கும் வீடுகளின் ஃபோன்கூட அந்தக் கரண்டில்தான் பேசும். மின்சாரம் போனால் பெட்டிக்குள் உள்ள பேட்டரிகள் அரை நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். தகடு பின்னோக்கி ஓடினால், மேலேயிருந்து கரண்ட் கீழே வருகிறது என்று அர்த்தம்.

பெட்டியைத் திறந்தாள். என்றோ செத்திருக்க வேண்டிய பேட்டரிகள் கதகதவென்று இருந்தன, உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. அமில வாடை இல்லை. ஆள் தூங்கி எழுந்த போர்வையின் வாடை.

இந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து ஃபோனுக்கு உயிர் கொடுக்க அவள் ஜெனரேட்டரைத் தூக்கி வந்ததே தம்பி ஆர்லிஸுக்காகத்தான். கால் முறிந்து, பள்ளத்தாக்கின் மேல்கோடியில் கடைசி வீட்டில் தனியாகக் கிடக்கிறான். விழுந்த மரங்கள் பாதையை அடைத்துவிட்டன. செல்ஃபோன் சிக்னலும் இந்தக் கம்பத்தோடு சரி. அவனுடைய வீட்டு எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா! வழக்கம்போல லேட்டு."

"வாய் மட்டும் குறையல. கால் எப்படிடா இருக்கு?"

"வலிக்கவே இல்லக்கா."

"அடுப்புக்கு விறகு இருக்கா?"

"அது முந்தாநாளே தீந்துபோச்சு. ஆனா குளிரல. எல்லாரும் சேந்து டிவி பாக்குறோம்."

"எல்லாருமா? கரண்ட் இல்லாம என்ன டிவிடா?"

அவன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் பலர், ஒரே நேரத்தில், அதே சிரிப்பைச் சிரித்தார்கள்.

மீட்டர் வேகம் பிடித்தது. அவன் பேசப் பேச வேகம். மூச்சு வாங்கினால் மெதுவாக. வெர்லா தகட்டையே பார்த்தாள். கேபிள் இவனிடமிருந்துதான் கரண்டை உறிஞ்சுகிறது.

"ஆர்லிஸ், ஃபோன வச்சிடு. சுவத்துல இருக்குற ஒயர் எதையும் தொடாத. கேக்குதா?"

"நீயும் வாக்கா. உனக்கு இடம் போட்டு வச்சிருக்கோம்."

வெர்லா பெட்டியின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். ஃபோன் செத்தது. தகடு நின்றது. அப்போது பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு முனகல் எழுந்தது. தாயின் மார்பிலிருந்து பிடுங்கப்பட்ட குழந்தை முனகுவதைப் போல. ஒரு தொண்டை அல்ல, பல தொண்டைகள்.

அவள் ஓடினாள். மரங்களைத் தாண்டி, பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள். வழியில் முதல் வீடு நேப்பியர் குடும்பத்தினுடையது, கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. அடுத்த வீடும் அப்படியே. எல்லாக் காலடித் தடங்களும் மேலே போயிருந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

தம்பியின் வீடு. இருட்டு. புகைபோக்கியில் புகை இல்லை.

கதவைத் தள்ளினாள்.

"ஆர்லிஸ்?"

டார்ச்சை அடித்தாள். செத்த டிவியின் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. நேப்பியர், அவர் மனைவி, பிள்ளைகள். நடுவில் ஆர்லிஸ். சுவரிலிருந்து கிளை கிளையாகக் கேபிள்கள். ஒவ்வொன்றின் தோலும் உரிக்கப்பட்டு, செம்புக் கம்பி ஒவ்வொரு வாயிலும். பற்களால் கவ்வியிருந்தார்கள். இமைகளில் உறைபனி. யாருடைய மூச்சிலும் ஆவி இல்லை.

நிறுத்தியதால் செத்தார்களா? இல்லை, எப்போதோ செத்தவர்களோடுதான் பேசினாளா?

"தம்பி..."

பனி நொறுங்கும் சத்தம். ஆர்லிஸின் கை மடியிலிருந்து எழுந்தது. அதில் புதிதாக உரித்த ஒரு கேபிள் முனை. அதைச் சட்டை நுனியால் பொறுமையாகத் துடைத்தான். பிறகு, சின்ன வயதில் மிட்டாயில் பாதியைக் கடித்து நீட்டுவானே, அதே ஆசையோடு அவள் உதட்டருகே நீட்டினான்.